கடலூரிலும் புதுச்சேரியிலும் நாயுடன் நடைப்பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய் வளர்ப்பு குறித்துப் பரவலாகக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றினால், வங்கக் கடலோரத்தின் வெயிலும் புழுக்கமும் ஐப்பசி, கார்த்திகை மழையும் நல்ல உடற்கட்டுள்ள நாயைக்கூடப் படுக்கவைத்துவிடும். ஆகவே, மஞ்சக்குப்பத்திலும் லாசுப்பேட்டையிலும் நாய் வளர்ப்போர் சந்தித்துக்கொள்ளும்போது கேட்கும் கேள்விகளுக்கு, இந்த ஊர்களின் காலநிலைக்கும் தரைக்கும் பொருந்தும் விடைகள் இங்கே தரப்படுகின்றன.

வீட்டில் மொட்டை மாடியும் தோட்டமும் இருக்கின்றன. அப்படியிருந்தும் நாயைத் தினமும் வெளியே அழைத்துச் செல்ல வேண்டுமா?

வேண்டும். நாய் உலகை முதலில் மூக்கால் அறிகிறது. தெருமுனைக் கம்பத்தையும் டீக்கடை ஓரத்தையும் முகர்வதன் வழியாக, நேற்றிரவு அவ்வழியே எந்த நாய் போனது என்பதை அது தெரிந்துகொள்கிறது. மாடியில் அதற்குப் புதிதாக அறிய எதுவும் இல்லை. செருப்பைக் கடிப்பது, இரும்புக் கதவருகே நின்று வருவோர் போவோரையெல்லாம் பார்த்துக் குரைப்பது, ஒரே காலை ஓயாமல் நக்கிப் புண்ணாக்கிக்கொள்வது போன்றவற்றுக்காக மருத்துவரிடம் கொண்டுவரப்படும் நாய்களில் பல, வாரக்கணக்கில் வாசலைத் தாண்டாதவை. ஆகவே நடையின்போது நாய் நின்று முகரும் இடங்களில் கயிற்றை இழுக்காமல் காத்திருங்கள். அந்த அரை நிமிடம் அதற்கு நடையின் முக்கியமான பகுதி.

எந்த நேரத்தில் நடப்பது நல்லது?

மாசி தொடங்கி ஆவணி வரை, பொழுது புலர்வதற்கு முன் கிளம்பி, வெயில் முகத்தில் அடிக்கும் முன் வீடு திரும்பிவிட வேண்டும். இந்தப் பக்கத்தின் விடைகளில் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள விரும்புவோர் இதை வைத்துக்கொள்ளலாம்.

மனிதர்களைப் போல நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களின் அடிப்பகுதியில் மட்டுமே சிறிதளவு வியர்க்கும். மற்றபடி, நாக்கைத் தொங்கவிட்டு இளைத்து, வாயிலும் மூச்சுக்குழலிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் இந்த வழி சரியாக வேலை செய்யாது. உள்மாவட்டங்களின் வறண்ட வெயிலைவிட வெப்பமானியில் குறைவான அளவு காட்டும் கடலூர்ப் புழுக்கம் நாய்க்குக் கூடுதல் ஆபத்தாவது இதனால்தான். அக்கினி நட்சத்திர நாள்களில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வீசத் தொடங்கியதும் நமக்கு இதமாக இருக்கும். ஆனால் அந்தக் காற்று ஈரத்தையும் சுமந்துகொண்டே வருகிறது என்பதால், அதை நம்பிப் பிற்பகலில் நாயை வெளியே கொண்டுசெல்லக் கூடாது.

மாலை நடையைப் பொறுத்தவரை, சூரியன் மறைந்துவிட்டதா என்பதைவிடத் தரை ஆறிவிட்டதா என்பதே கேள்வி. தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையும் பகலில் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகும் வெகுநேரம் வைத்திருக்கும். புறங்கையைத் தரையில் ஏழெட்டு விநாடிகள் அழுத்திப் பாருங்கள். கையை எடுக்கத் தோன்றினால், அந்தத் தரையில் நாயும் நடக்கக் கூடாது. இரவு எட்டு மணிக்கு மேல் கிளம்புவதே கோடையில் பல வீடுகளுக்குச் சாத்தியமான வழி.

நாய்க்கு வெப்ப அதிர்ச்சி ஏற்பட்டிருக்கிறது என்பதை எப்படி அறிவது? உடனே என்ன செய்ய வேண்டும்?

ஓய்வெடுத்த பிறகும் நிற்காத இளைப்பு, கெட்டியான எச்சில், செங்கல் நிறத்துக்கு மாறிய ஈறு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை அறிகுறிகள். நாயின் இயல்பான உடல் வெப்பநிலை 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அது 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படத் தொடங்கும்.

முதலில் குளிரச் செய்யுங்கள். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது அதற்கு அடுத்த வேலை. நிழலில் படுக்கவைத்து, குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதங்களிலும் தொடர்ந்து ஊற்றி, மின்விசிறியையோ அட்டையையோ கொண்டு காற்று படச் செய்ய வேண்டும். ஈரத்துணியை உடலின் மீது போர்த்தி அப்படியே விட்டுவிட்டால், அது சூட்டை உள்ளேயே தேக்கிவிடும். மயக்கத்தில் இருக்கும் நாயின் வாயில் தண்ணீர் புகட்டினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். நாய் எழுந்து நடந்துவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தே வெளியே தெரிவது உண்டு.

எந்த இடங்களில் நடக்கலாம்?

கடலூரில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை விடியற்காலையில் நல்ல இடம். வடக்கே தாழங்குடா பக்கமாக நடந்தால் கூட்டம் குறையும். ஆனால் படகுகளும் வலைகளும் கிடக்கும் பகுதி மீனவர்களின் வேலைத்தளம் என்பதை மறக்கக் கூடாது. காயும் மீன் மீது நாய் ஏறி நடப்பதையோ வலையின் மீது காலைத் தூக்குவதையோ அனுமதிப்பது, உழைப்பவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. மாசி மகத்தன்று சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்காக அந்தக் கடற்கரைக்கு வரும். காணும் பொங்கலன்றும் ஊரே அங்கு திரளும். அந்த நாள்களில் நாயை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

புதுச்சேரியின் கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்களை அனுமதிப்பதில்லை என்பது பெரிய வசதி. ஆனால் மாலைக் கூட்டத்தில் குழந்தைகளும் தின்பண்டங்களும் நாயின் மூக்கு உயரத்திலேயே இருக்கின்றன. ஆகவே அங்கேயும் விடியற்காலையே சிறந்தது. கரையோரக் கருங்கற்களின் மீது நாயை ஏற விடாதீர்கள். கல்லிடுக்கில் கால் சிக்கினால் எலும்பு முறியும்.

ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். கார்த்திகை தொடங்கி மாசி வரை வலசைப் பறவைகள் அங்கே இரை தேடி இறங்குகின்றன. கரையில் ஒரு நாய் ஓடினால் போதும், கூட்டம் முழுவதும் எழும்பிவிடும். நெடுந்தொலைவு பறந்துவந்த பறவைக்கு அப்படி ஒவ்வொரு முறை எழும்புவதும் வீண்செலவு. அங்கே போவதானால் நாய் இல்லாமல் போகலாம்.

கடற்கரை மணலில் நாயை அவிழ்த்துவிடலாமா?

அவிழ்த்துவிட வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பேத்தை மீன் முதல் காரணம். வலையில் விழும் இந்த மீனை யாரும் உண்ண மாட்டார்கள் என்பதால் மீனவர்கள் மணலிலேயே எறிந்துவிடுவார்கள். வயிறு உப்பி, முள்முள்ளாகக் காய்ந்து கிடக்கும் அது நாய்க்கு விளையாட்டுப் பொருளாகத் தெரியும். ஆனால் அதன் ஈரலிலும் தோலிலும் உள்ள நஞ்சு தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்திவிடக்கூடியது. அதற்கு மாற்று மருந்து இல்லை. அறுந்த தூண்டில் நரம்பும் முள்ளும் மணலில் புதைந்து கிடக்கும். உதட்டில் குத்திய தூண்டில் முள்ளை வெளியே இழுத்தால், அதன் எதிர்க்கொக்கி சதையைக் கிழித்துக்கொண்டே வரும். அதை மருத்துவரே எடுக்க வேண்டும்.

இரண்டாவது, பங்குனி ஆமை. சனவரி முதல் மார்ச் வரையிலும், சில ஆண்டுகளில் அதற்குப் பின்னும், இவ்வாமைகள் இரவில் இந்தக் கரைகளில் ஏறி, மணலைத் தோண்டி, ஒரு குழிக்கு நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டுச் செல்கின்றன. முட்டை பொரிக்க ஏறத்தாழ 45 முதல் 60 நாள்கள் ஆகும். வனத் துறையினரும் தன்னார்வலர்களும் இரவெல்லாம் கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகங்களில் வைத்துக் காக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாத குழியை நாய் ஒரே மோப்பத்தில் கண்டுபிடித்துத் தோண்டிவிடும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் பட்டியலில் இடம்பெற்றுள்ள உயிரினம் இது. தெருநாய்களைக் கட்டுப்படுத்துவது நம் கையில் இல்லை. நம் நாயின் கயிறு நம் கையில்தான் இருக்கிறது.

கடல்நீரைக் குடித்தால் நாய்க்கு வாந்தியும் கழிச்சலும் ஏற்படும். அளவு மிகுந்தால் வலிப்பும் வரலாம். ஒரு புட்டித் தண்ணீரும் கிண்ணமும் உடன் எடுத்துச் செல்லுங்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் பாதங்களையும் வயிற்றையும் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி எடுங்கள். உப்பும் மணலும் அங்கே தங்கினால் இரண்டு நாளில் தோல் சிவந்து, நாய் அதை நக்கத் தொடங்கிவிடும்.

நடக்கும் வழியில் தெருநாய்கள் சூழ்ந்துகொண்டால் என்ன செய்வது?

ஓடக் கூடாது; கல்லெடுக்கவும் கூடாது. உங்கள் நாயைக் கயிற்றைச் சுருக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெருநாய்களை நேராக முறைக்காமல், வந்த வேகத்திலேயே அவற்றின் எல்லையைக் கடந்துவிடுங்கள். பெரும்பாலான நாய்கள் தங்கள் தெரு முடிந்ததும் நின்றுவிடும். சண்டை மூண்டுவிட்டால் நடுவே கையை நுழைக்காதீர்கள். நாய் வளர்ப்போருக்கு ஏற்படும் கடிகள் பல அப்படித்தான் ஏற்படுகின்றன. தண்ணீரை முகத்தில் வீசுவதும் குடையைச் சட்டென்று விரிப்பதும் பலமுறை பலன் தந்துள்ளன. தினமும் ஒரே தெரு வழியாகப் போவோருக்கு, அங்குள்ள நாய்கள் சில வாரங்களில் பழகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

நாய் என்னைக் கடித்துவிட்டால், அல்லது பல் இலேசாகப் பட்டுவிட்டால்?

காயத்தைக் குழாய்த் தண்ணீரில், சோப்புப் போட்டு, முழுதாகப் பதினைந்து நிமிடங்கள் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காப்பித் தூள் எதையும் வைக்கக் கூடாது. அதன் பிறகு தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசமாகப் போடப்படுகிறது. தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள்கள் என நான்கு தவணைகள் உண்டு. இரத்தம் வந்த காயமாக இருந்தால் அக்காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத (இம்யூனோகுளோபுலின்) ஊசியும் போட வேண்டும். மருத்துவர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் ரேபிசுக்குச் சிகிச்சை இல்லை. கடித்தது நம் வீட்டு நாய்தான், தடுப்பூசி போட்ட நாய்தான் என்று நாமே முடிவுசெய்துகொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

குட்டிக்கு எப்போது தெருவைக் காட்டலாம்?

பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடுவார்கள். ரேபிஸ் தடுப்பூசி மூன்று மாத வயதில் போடப்படும். இவை முடியும்வரை பிற நாய்கள் சிறுநீர் கழிக்கும் தரையில் குட்டியை இறக்க வேண்டாம். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆனால் அதற்காக நான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே பூட்டிவைத்தால், பிறகு பேருந்தின் ஒலிப்பானுக்கும் வெடிச்சத்தத்துக்கும் ஆயுள் முழுவதும் நடுங்கும் நாயாகிவிடும். கையில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவைக் காட்டி வாருங்கள். பெரிய வகை நாய்க்குட்டிகளை ஒரு வயதுக்கு முன் நெடுந்தொலைவு ஓடவிட்டால், வளரும் மூட்டுகள் பாதிக்கப்படும்.

உண்ணித் தொல்லை தீரவே இல்லை. மருந்து போட்டும் திரும்ப வருகிறதே?

நாயின் மீது இருப்பதை மட்டும் ஒழித்தால் திரும்பத்தான் வரும். இங்கே காணப்படும் பழுப்பு உண்ணி, இரத்தம் குடித்து முடித்ததும் கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவு நிலைக்குப் பின்னாலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பொரித்து வரும் குஞ்சுகள் இரை கிடைக்காமலேயே பல மாதங்கள் காத்திருக்கும். வெயில் காலத்து மாலையில் நாய் படுக்கும் இடத்துக்கு மேலுள்ள சுவரை விளக்கொளியில் பாருங்கள். கடுகளவில் மேலே ஊர்ந்துகொண்டிருப்பவை அவையே. வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்து, நாயின் விரிப்பைக் கொதிநீரில் அலசி, நாய்க்கு உரிய மருந்தை மருத்துவர் சொன்ன இடைவெளியில் விடாமல் கொடுத்தால்தான் சங்கிலி அறுபடும்.

நடை முடிந்து வந்ததும் காதின் உள்மடிப்பு, கழுத்துப் பட்டையின் அடிப்பகுதி, அக்குள், கால் விரல்களுக்கு நடுவே ஆகிய இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி தட்டுப்பட்டால், சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் ஊதுபத்தியால் சுடுவதும் வேண்டவே வேண்டாம். மாட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்தைக் கண் அளவாகக் கலந்து நாயின் மேல் தேய்க்கும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. நாய் அதை நக்கிவிட்டால் நஞ்சேறும். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து, அதே வீட்டில் வளரும் பூனைக்கு உயிர்க்கொல்லி.

உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபீசியா நோய்களே இந்த எச்சரிக்கைகளுக்கெல்லாம் காரணம். விருப்பமான மீன் சோற்றையும் மோந்துவிட்டுப் போவது, காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம், காப்பி நிறச் சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல்தானே என்று வீட்டிலுள்ள பாராசிட்டமாலைக் கொடுக்கக் கூடாது. நாயின் ஈரலுக்கு அது கேடு, பூனைக்கோ ஒரு மாத்திரையே சாவு.

மழைக்காலத்தில் நடையை நிறுத்திவிடலாமா?

தூறலில் நிறுத்த வேண்டியதில்லை. தேங்கிய தண்ணீரில் மட்டும் நடக்கக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் கிருமி பரவுகிறது. அது நாயையும் தாக்கும், காலில் கீறல் உள்ள மனிதரையும் தாக்கும். நாய்க்கு அதற்கான தடுப்பூசி உண்டு; வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், புரட்டாசிக்குள் அதைப் போட்டுவிடுவது நல்லது. மின்கம்பத்தை ஒட்டித் தேங்கிய நீர் நமக்கும் நாய்க்கும் ஒரே அளவு ஆபத்து.

புயல் நாள்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் மிதந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபின், தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. இப்படிப்பட்ட வெள்ளங்களில் சங்கிலியில் கட்டப்பட்ட நாய் நீந்தித் தப்பவும் வழியின்றி, கட்டிய இடத்திலேயே மூழ்கிவிடுகிறது. புயல் எச்சரிக்கை வந்ததும் முதலில் சங்கிலியை அவிழ்த்து நாயை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால் உடன் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு வழியே இல்லாவிட்டால் மாடிப்படி திறந்திருக்கும்படி அவிழ்த்தாவது விடுங்கள். தடுப்பூசிப் புத்தகம், ஒரு வாரத்துக்கான உணவு, மருந்து, உதிரிக் கயிறு ஆகியவற்றை ஐப்பசி பிறக்கும் முன்பே ஒரு பையில் கட்டி வைக்கலாம்.

முந்திரித் தோப்பு, கேப்பர் மலை போன்ற இடங்களுக்கு அழைத்துச் செல்லலாமா?

செல்லலாம், கயிற்றோடு. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் உதிர்ந்து கிடக்கும் பச்சைக் கொட்டையை நாய் கடித்தால், அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் வாயையும் நாக்கையும் கொப்புளமாக்கிவிடும். காய்ந்த சருகுக்குள் கண்ணாடி விரியன் படுத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பாம்பு கடித்துவிட்டால் நாயை நடக்கவிடாமல் தூக்கிச் சென்று, நேராக மருத்துவமனையில் சேருங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் காயத்தைக் கீறுவதும் வேண்டாம். தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்தியை அழைக்க 1962 என்ற எண் உள்ளது. புதுச்சேரியில் குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தில் நாய்களுக்குச் சிகிச்சை கிடைக்கும்.

இருசக்கர வாகனத்தை ஓட்டிக்கொண்டே நாயைக் கூட ஓடவைக்கலாமா?

கூடாது. களைத்துப்போன நாய் நிற்க விரும்பினாலும் கயிறு அதை நிற்கவிடாது. பாதத்தின் தோல் தார்ச்சாலையில் உரிந்துபோகும். இவ்வாறு செய்வோரைக் கண்டால் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

இந்த ஊருக்கு எந்த வகை நாய் ஏற்றது?

நாட்டு நாய். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த குட்டி இந்த வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பழகிய உடலோடு வருகிறது. கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் ஆகிய தமிழ்நாட்டு இனங்களும் நன்றாகவே வாழும். ஆனால் கன்னியும் சிப்பிப்பாறையும் ஓடுவதைத் துரத்தும் வேட்டை நாய்கள் என்பதால், அடைப்பில்லாத இடத்தில் அவிழ்த்துவிட்டால் ஆட்டையோ கோழியையோ துரத்திக்கொண்டு சாலைக்கே போய்விடும். தட்டை முகமுள்ள பக் வகைக்கு மூச்சு இளைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்வதே சிரமம். பனிநாட்டு ஹஸ்கியை இங்கே வளர்ப்பது அந்த விலங்குக்குச் செய்யும் கொடுமை என்றே கருதுகிறோம்.

நடைக்கு முன் உணவா, பின் உணவா?

பின். நடந்து வந்து இளைப்பு அடங்கி அரை மணி நேரம் கழித்துக் கொடுக்கலாம். முன்பே கொடுத்துவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரமாவது விட்டுக் கிளம்புங்கள். ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு, வயிறு நிறைந்த நிலையில் ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

நாயுடன் நடப்பதே எனக்கும் போதுமான உடற்பயிற்சி ஆகுமா?

வாரத்துக்கு 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தினமும் அரை மணி நேர விறுவிறுப்பான நடை அதற்குப் போதும். ஆனால் நாய் நின்று நின்று முகரும் நடையில் இதயத் துடிப்பு பெரிதாக அதிகரிக்காது. முதல் பத்து நிமிடங்களை நாயின் மூக்குக்குக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு இருவரும் வேகமாக நடப்பது நல்ல ஏற்பாடு.

தெருவில் நாய் கழித்த மலத்தை அள்ள வேண்டுமா?

கட்டாயம். கொக்கிப்புழு, உருளைப்புழு முட்டைகள் அதன் வழியாகவே மணலில் பரவி, வெறுங்காலுடன் விளையாடும் குழந்தைகளைத் தொற்றுகின்றன. பழைய செய்தித்தாளும் ஒரு பையும் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்குக் குடற்புழு நீக்க மருந்தும் கொடுங்கள்.

வயதான நாய் நடக்க மறுக்கிறது. வற்புறுத்தலாமா?

வற்புறுத்த வேண்டாம், ஏன் மறுக்கிறது என்று பாருங்கள். நேற்றுவரை வந்த நாய் இன்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டால், முதலில் பாதங்களையும் நகங்களையும் ஈறின் நிறத்தையும் பரிசோதியுங்கள். எதுவும் தெரியாவிட்டால், மூட்டுவலியா இதயக் கோளாறா என்பதை மருத்துவர் கண்டறியட்டும். ஒரே நீண்ட நடையை மூன்று சிறு நடைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். கால் புதையும் மணலைத் தவிர்த்து, அலை பட்டு இறுகிய ஈர மணலிலோ மண்பாதையிலோ நடத்துங்கள். நடை குறைந்தால் நகம் தேய்வதும் குறையும். அது வளைந்து பாதத்தில் குத்தி வலியைக் கூட்டும் என்பதால், மாதம் ஒருமுறை வெட்டிவிடுங்கள்.